நடுவுநிலை தவறாத இதழாசிரியர்

நுழையும்முன்

ஒரு கதை அச்சேறி நம் கைக்கு வருமுன் ஒருவர் அதனைப் படித்துப் பார்க்கிறார். ஏற்பதா, திருத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்கிறார். அவரே இதழாசிரியர். கதையின் அடியில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர் தவறினால் நல்ல கதை ஒன்று உலகைக் காணாமலே போகலாம். தகுதியற்ற கதை ஒன்று பலருடைய பொழுதை வீணாக்கலாம். இந்தி மொழியில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இப்பொறுப்பைச் சுமந்த மகாவீர் பிரசாத் துவிவேதியின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் பெயரும்

உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தில் உள்ளது தௌலத்பூர் என்னும் சிற்றூர். அவ்வூரில் 1864ஆம் ஆண்டு துவிவேதி பிறந்தார். தந்தையார் ராம்சகாய் அனுமனிடம் பக்தி மிக்கவர். ஆதலால் மகனுக்கு அனுமனின் பெயர்களுள் ஒன்றைச் சேர்த்து மகாவீர் சகாய் என்று பெயரிட்டார். ஊர்ப் பள்ளியில் படிப்பை முடித்தபோது, சான்றிதழில் அப்பெயர் தவறுதலாக மகாவீர் பிரசாத் என்று எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பிழையே நிலைத்தது. பிறர் எழுத்திலுள்ள பிழைகளைக் களைவதையே வாழ்நாட் பணியாகக் கொள்ளவிருந்த ஒருவர், பிழையாக எழுதப்பட்ட பெயராலேயே புகழ்பெற்றார் என்பது வியப்பிற்குரியது.

குடும்பம் வறுமையில் வாடியது. ஆங்கிலக் கல்வி பெறுவதற்காகப் பதின்மூன்று வயதில் அவர் ரேபரேலியிலிருந்த மாவட்டப் பள்ளிக்குச் சென்றார். ஊரிலிருந்து பள்ளி வெகு தொலைவில் இருந்தது. கோதுமை மாவையும் பருப்பையும் முதுகில் சுமந்துகொண்டு நடந்தே செல்வார். தாமே சமைத்து உண்ண வேண்டிய நிலை. ரொட்டி சுடத் தெரியாத சிறுவன், கொதிக்கும் பருப்பிலேயே மாவு உருண்டைகளை இட்டு வேகவைத்துப் பசியாறினான். வறுமையால் அவரது பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. ஆயினும் படிக்கும் ஆர்வம் நிற்கவில்லை.

இரயில்வேப் பணி

பம்பாயில் பணிபுரிந்த தந்தையாரிடம் சென்ற துவிவேதி, அங்குத் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்றார். பின்னர் இரயில்வேயில் பணியில் சேர்ந்து, உழைப்பால் படிப்படியாக உயர்ந்தார். பணியின் பொருட்டு ஊர் ஊராக மாறிச் சென்றார். இறுதியில் ஜான்சி நகரில் பொறுப்பு மிக்க பதவியை அடைந்தார். பல மொழி பேசுவோருடன் பழகியதால் மராத்தி, குஜராத்தி, வங்காளி ஆகிய மொழிகளைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். வடமொழியையும் ஆழ்ந்து பயின்றார். பகலில் இரயில்வேப் பணி, ஓய்வில் நூற்படிப்பு என அவர் நாள்கள் கழிந்தன. கவிதைகளும் கட்டுரைகளும் எழுதினார். பிறர் நூல்களை ஆராய்ந்து மதிப்புரைகளும் எழுதினார். அம்மதிப்புரைகளில் குற்றத்தைக் குற்றம் என்று கூற அவர் சிறிதும் தயங்கவில்லை.

குற்றம் கண்டவருக்குக் கிடைத்த பதவி

அந்நாளில் அலகாபாத் நகரில் இந்தியன் பிரஸ் என்னும் அச்சகம் சிறப்புற்று விளங்கியது. அதன் உரிமையாளர் சிந்தாமணி கோஷ் என்னும் வங்காளியார். அவர் 1900ஆம் ஆண்டு சனவரியில் 'சரஸ்வதி' என்னும் இந்தித் திங்களிதழைத் தொடங்கினார். அவ்வச்சகம் பள்ளிப் பாடநூல்களையும் வெளியிட்டு வந்தது. அவற்றுள் ஒரு பாடநூலைத் துவிவேதி படித்துப் பார்த்தார். அதில் மலிந்திருந்த பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டி எழுதினார்.

தம் அச்சகத்தின் நூலை ஒருவர் இவ்வாறு குறைகூறினால் உரிமையாளர் சினம் கொள்வது இயல்பு. சிந்தாமணி கோஷோ வேறு விதமாக எண்ணினார். பிழையை இவ்வளவு கூர்மையாகக் காண்பவரே தம் இதழுக்கு ஏற்ற ஆசிரியர் என்று முடிவு செய்தார். 1903ஆம் ஆண்டு சனவரி முதல் 'சரஸ்வதி' இதழின் ஆசிரியப் பொறுப்பு துவிவேதியிடம் வந்தது.

ஏறத்தாழ இக்காலத்திலேயே இரயில்வேப் பணியில் அவருக்குச் சோதனை ஒன்று நேர்ந்தது. புதிதாக வந்த மேலதிகாரி, அலுவலர் அனைவரையும் வழக்கத்திற்கு முன்னதாகவே பணிக்கு வரச் செய்யுமாறு கட்டளையிட்டார். தாம் எவ்வளவு முன்னதாக வரவும் அணியமாக இருப்பதாகவும், தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரைக் கட்டாயப்படுத்த இயலாது என்றும் துவிவேதி தெரிவித்தார். பேச்சு முற்றியது. அவர் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அதனைத் திரும்பப் பெறுமாறு நண்பர்கள் பலர் வற்புறுத்தினர். அவர் தம் மனைவியின் கருத்தைக் கேட்டார். விட்ட வேலையை மீண்டும் நாடிச் செல்வது தன்மானத்திற்கு இழுக்கு என்று அப்பெண்மணி கருதினார். நாளொன்றுக்கு எட்டணா வருவாய் வந்தாலும் குடும்பத்தை நடத்திக்கொள்வதாக உறுதி கூறினார். மாதம் ஏறத்தாழ 200 ரூபாய் தந்த வேலையைத் துறந்து, அஞ்சற்செலவும் சேர்த்து 23 ரூபாய் மட்டுமே தந்த இதழ்ப்பணியைத் துவிவேதி முழுநேரப் பணியாக ஏற்றார். கான்பூரை அடுத்த ஜூஹி என்னும் இடத்தில் தங்கி, அங்கிருந்தே அலகாபாத்திற்குப் படிகளை அனுப்பலானார்.

நான்கு உறுதிகள்

இதழாசிரியரானதும் துவிவேதி தமக்கென நான்கு உறுதிகளை வகுத்துக்கொண்டார். காலந்தவறாமை முதல் உறுதி. உரிமையாளரின் நம்பிக்கைக்கு உரியவராக நடத்தல் இரண்டாவது. தம் ஆதாய இழப்புகளைப் பாராமல், படிப்பவரின் நன்மையையே கருதுதல் மூன்றாவது. நீதிநெறியிலிருந்து ஒருபோதும் வழுவாமை நான்காவது.

காலந்தவறாமையை அவர் எவ்வாறு காத்தார் என்பது அறியத்தக்கது. அச்சு எந்திரம் பழுதுபட்டு இதழ் தாமதமானால் அது அச்சகத்தின் பொறுப்பு. படிகள் போய்ச் சேராமல் இதழ் தாமதமானால் அது தம் பொறுப்பு என்று அவர் கருதினார். தாம் நோயுற்றாலும் இதழ் தடைப்படலாகாது என்று எண்ணி, ஆறு மாதங்களுக்குத் தேவையான எழுத்துகளை எப்போதும் ஆயத்தமாக வைத்திருந்தார். தக்க எழுத்துகள் கிடைக்காத காலங்களில் இதழின் பெரும்பகுதியைத் தாமே எழுதவும் அவர் அஞ்சவில்லை.

மூன்றாம் உறுதியும் நான்காம் உறுதியும் கடினமானவை. 'சரஸ்வதி'யின் புகழ் பெருகப் பெருக, அதில் இடம்பெற விரும்பியோரின் எண்ணிக்கையும் பெருகியது. அவர்களுள் சிலர் தம் எழுத்தின் வலிமையை நம்பாமல் பரிசுகளை நம்பினர். உறவினர் ஒருவரின் மறைவு குறித்த இரங்கற்பாவை வெளியிட்டால் செல்வம் தருவதாக ஒருவர் எழுதுவார். தலைவர் ஒருவரின் சொற்பொழிவை வெளியிட்டால் பனாரசுப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்துவதாக மற்றொருவர் எழுதுவார். தம் எசமானரின் வாழ்க்கை வரலாற்றைப் படங்களுடன் வெளியிட்டால் கடிகாரமோ மிதிவண்டியோ அளிப்பதாக இன்னொருவர் ஆசை காட்டுவார். மாதம் 23 ரூபாயில் இதழ்ப்பணியைத் தொடங்கிய மனிதருக்கு இவை சிறிய பொருள்களல்ல. ஆயினும் இத்தகைய மடல்களுக்கு அவர் செவிடரும் ஊமையருமாகவே இருந்தார். படிப்பவருக்குப் பயன்படும் என்று தாம் கருதியவற்றையே இதழில் சேர்த்தார். வள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளதை நாம் அறிவோம். அவ்வறத்தை இதழாசிரியரின் மேசைமீது நின்று காத்தவர் துவிவேதி.

அவர் படித்த முறை

வந்து சேரும் ஒவ்வொரு கதையையும் கட்டுரையையும் கவிதையையும் அவர் எழுத்தெண்ணிப் படித்தார். எழுதியவர் யார் என்பதைவிட, எழுதியது என்ன என்பதே அவருக்கு முதன்மையாகத் தோன்றியது. இந்தப் பொருள் படிப்பவருக்கு வேண்டுமா? இந்தச் சொல் பெரும்பாலோர்க்குப் புரியுமா? இந்தத் தொடர் கூற வந்ததைத் தெளிவாகக் கூறுகிறதா? இவையே அவர் கொண்ட உரைகற்கள். ஒரு சொல் அரபியிலிருந்து வந்ததா, பாரசீகத்திலிருந்து வந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. மக்களுக்கு விளங்குமாயின் அதனை ஏற்றார். விளங்காதாயின் வடமொழிச் சொல்லாயினும் மாற்றினார்.

அக்காலத்தில் இந்தி உரைநடை இன்றுபோல் ஒழுங்குபடவில்லை. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினர். நிறுத்தக்குறிகளும் இலக்கண அமைதியும் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. கவிஞர் பலர் பிரஜ் மொழியிலேயே பாடினர். உரைநடைக்கு மட்டும் கடீபோலி என்னும் பேச்சுவழக்கைச் சார்ந்த மொழி பயன்பட்டது. இந்நிலையில், நல்ல கருத்து இருந்தும் நடை சரியில்லாத எழுத்துகள் மிகுதியாக வந்தன. அவற்றை எறிந்துவிடுவது எளிது. துவிவேதியோ எழுதுகோலைக் கையில் எடுத்தார். தொடர்களை அடித்து, மாற்றி, புதிதாக எழுதினார். சில படிகளில் ஆசிரியர் எழுதிய வரிகளைவிட அவர் திருத்திய வரிகளே மிகுதியாக இருந்தன. பின்னாளில் அவர் அப்படிகளைக் காசி நாகரி பிரச்சாரிணி சபையிடம் ஒப்படைத்தார். திருத்தங்கள் நிறைந்த அத்தாள்கள் அவரது உழைப்புக்குச் சான்றாக விளங்குகின்றன.

இத்திருத்தங்களால் இளம் எழுத்தாளர்கள் வளர்ந்தனர். பிரஜ் மொழியில் பாடிவந்த மைதிலி சரண் குப்தரைக் கடீபோலியில் எழுதுமாறு ஊக்கியவர் துவிவேதி. அவர் கவிதைகளைத் திருத்திச் 'சரஸ்வதி'யில் வெளியிட்டார். அதே இளைஞர் பின்னாளில் தேசியக் கவி என்று நாடு போற்றும் நிலையை எய்தினார்.

சரஸ்வதியில் மலர்ந்த கதைகள்

இந்தியில் சிறுகதை என்னும் இலக்கிய வகை வேரூன்றிய நிலம் 'சரஸ்வதி' எனலாம். 1907ஆம் ஆண்டு அதில் 'துலாயிவாலி' என்னும் கதை வெளியாயிற்று. இரயில் பயணத்தில் நண்பன் ஒருவன் செய்யும் குறும்பைக் கூறும் இக்கதையை எழுதியவர் ராஜேந்திரபாலா கோஷ் என்னும் வங்கப் பெண்மணி. 'பங்க மகிளா' என்னும் புனைபெயரில் அவர் எழுதினார். இந்தி அவருடைய தாய்மொழி அன்று. பெண்கள் எழுதுவது அரிதாக இருந்த காலமும் அது. அவ்விரண்டும் அவரது கதைக்குத் தடையாகவில்லை.

1915ஆம் ஆண்டு சந்திரதர் சர்மா குலேரி எழுதிய 'உஸ்னே கஹா தா' வெளியாயிற்று. 'அவள் சொல்லியிருந்தாள்' என்பது இத்தலைப்பின் பொருள். அமிர்தசரசுக் கடைவீதியில் சிறுவயதில் சந்தித்த ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் கொடுத்த வாக்கைக் காக்க, முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் உயிரைத் தரும் வீரனின் கதை இது. குலேரி மிகச் சில கதைகளே எழுதியவர். ஆயினும் இந்த ஒரு கதை அவரை இன்றளவும் வாழவைத்துள்ளது.

அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு எழுத்தாளரின் கதை வந்தது. அதுவரை உருது மொழியில் புகழ்பெற்றிருந்த பிரேம்சந்த், இந்தியில் எழுதிய 'சௌத்' என்னும் கதையைத் துவிவேதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிரேம்சந்த் இன்னொரு கதையை அனுப்பினார். பஞ்சாயத்தாரிடம் இறைவன் உறைகிறான் என்னும் பொருள்பட அதற்கு அவர் தலைப்பிட்டிருந்தார். துவிவேதி அதனைச் சுருக்கிப் 'பஞ்ச் பரமேசுவர்' என்று மாற்றினார். இரண்டே சொற்களில் கதையின் உயிர் அடங்கிவிட்டது. இந்தி படிக்கும் மாணவர் பலர் இன்று அறிந்துள்ள தலைப்பு அதுவே.

அக்கதையில் ஜும்மன் ஷேக், அல்கூ சௌத்ரி என்னும் இருவர் உயிர் நண்பர்கள். ஜும்மன்மீது அவனுடைய மூத்த உறவினள் ஒருத்தி பஞ்சாயத்தில் முறையிடுகிறாள். நடுவராக அமர்ந்த அல்கூ, நட்பைப் பாராமல் அம்மூதாட்டிக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கிறான். நட்பு பகையாகிறது. சிலகாலம் சென்றபின் அல்கூவின் வழக்கில் ஜும்மன் நடுவராக அமர நேர்கிறது. பழிவாங்க அருமையான வாய்ப்பு. ஆனால் அவ்விருக்கையில் அமர்ந்ததும் தன் பொறுப்பை உணரும் ஜும்மன், பகையைப் பாராமல் அல்கூவுக்கே நீதி வழங்குகிறான். நடுவரின் இருக்கையில் அமர்பவருக்கு நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை என்பது இக்கதை உணர்த்தும் உண்மை. இதழாசிரியரின் இருக்கையும் அத்தகையதே அன்றோ?

திருத்தியவரும் திருத்தப்பட்டார்

நடுவுநிலையில் நிற்பவரும் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1905ஆம் ஆண்டு துவிவேதி, மொழியும் இலக்கணமும் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதி, முன்னோர் பலருடைய நடைப் பிழைகளைச் சுட்டினார். அக்கட்டுரையில் அவரே கையாண்ட ஒரு சொல் பிழையானது என்று 'பாரத் மித்ர' இதழின் ஆசிரியர் பாலமுகுந்த குப்தர் எடுத்துக்காட்டினார். நகைச்சுவை ததும்பத் தொடர் கட்டுரைகள் எழுதித் துவிவேதியைக் கடுமையாகத் தாக்கினார். இரு தரப்பிலும் அறிஞர்கள் சேர்ந்துகொள்ள, சொற்போர் நெடுநாள் நடந்தது. இந்தி எழுதுவோர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்து எழுத இச்சொற்போர் வழிவகுத்தது.

மற்றொரு செய்தியும் இந்தி இலக்கிய உலகில் இன்றும் பேசப்படுகிறது. நிராலா என்னும் இளங்கவிஞர் யாப்புக்குக் கட்டுப்படாத புதுவகைக் கவிதை ஒன்றை எழுதினார். 'ஜூஹி கி கலி' என்னும் அக்கவிதையைச் 'சரஸ்வதி' ஏற்கவில்லை என்பர். ஒழுங்கையும் தெளிவையும் உயிராகக் கருதிய ஆசிரியருக்கு, அப்புதுமை ஒழுங்கின்மையாகத் தோன்றியிருக்கலாம். காலமோ அக்கவிதையைச் சிறந்த கவிதைகளுள் ஒன்றாகக் கொண்டது. எத்துணைக் கூரிய உரைகல்லும் புதுவகைப் பொன்னை அறியாது போகக்கூடும். ஆயினும், அதே நிராலா வங்க மொழியின் ஒலிப்புமுறை குறித்து எழுதிய கட்டுரை 1920இல் 'சரஸ்வதி'யில் வெளியாயிற்று. ஒருவருடைய ஒரு படைப்பை மறுப்பது அவரையே மறுப்பதாகாது என்பதை இதனால் அறியலாம்.

நிறைவு

1920ஆம் ஆண்டின் இறுதியில் துவிவேதி ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார். பிறந்த ஊராகிய தௌலத்பூருக்கே திரும்பி, ஊர்ப்பணிகளில் ஈடுபட்டார். கிராமப் பஞ்சாயத்தின் தலைவராகவும் அமர்ந்து வழக்குகளைக் கேட்டார். கதையில் வரும் நடுவரின் இருக்கை, வாழ்க்கையிலும் அவரைத் தேடி வந்தது எனலாம். 1933ஆம் ஆண்டு காசி நாகரி பிரச்சாரிணி சபை அவரைப் பாராட்டி மலர் ஒன்றை வெளியிட்டது. 1938ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் பணியாற்றிய காலத்தை இந்தி இலக்கிய வரலாறு 'துவிவேதி யுகம்' என்றே குறிப்பிடுகிறது.

அவர் எழுதிய நூல்கள் பல. ஆயினும் அவரது புகழுக்கு அடிப்படை, பிறர் எழுதியவற்றை அவர் படித்த முறையே ஆகும். ஏற்கும்போது பெயரைப் பார்க்கவில்லை. மறுக்கும்போது பரிசைப் பார்க்கவில்லை. திருத்தும்போது தம் உழைப்பைப் பார்க்கவில்லை. மூன்று வேளையும் அவர் கண்முன் நின்றவர், முகம் தெரியாத படிப்பவர் ஒருவரே.

பயிற்சி

1. துவிவேதியின் பெயர் மாறியது எவ்வாறு?
2. சிந்தாமணி கோஷ் துவிவேதியை ஆசிரியராகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் யாது? அவர் செயல் குறித்து உம் கருத்தை எழுதுக.
3. துவிவேதி வகுத்துக்கொண்ட நான்கு உறுதிகளுள் கடைப்பிடிக்க மிகவும் கடினமானது எது? காரணம் தருக.
4. 'பஞ்ச் பரமேசுவர்' கதையின் நடுவர்களையும் இதழாசிரியரையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
5. நிராலாவின் கவிதை ஏற்கப்படாமை சரியா, தவறா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.
6. வகுப்பின் சார்பில் கையெழுத்து இதழ் ஒன்றைத் தொடங்குக. ஒவ்வொருவரும் ஒரு சிறு கதை எழுதுக. எழுதியவர் பெயரை மறைத்து, ஐவர் கொண்ட குழு கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஏற்காத ஒவ்வொரு கதைக்கும், அதனை எழுதியவர் மேலும் நன்றாக எழுத உதவும் குறிப்பு ஒன்றை எழுதித் தருக.